பூனை மாறிப்போச்சு

மாசி மாதம் மதுரையிலிருந்து திரும்பிய முதலாளியம்மா, பூனையைப் பார்த்ததும் ஜீப்பை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க பூனை இல்ல. எங்கடி என் பூனை?"

போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் சமையலுக்கு இருந்தவள் சந்திரவல்லி. ஐப்பசியில் அவளிடம் விட்டுப்போனபோது பூனை பாலாடை நிறம். மூக்கும் காதும் வாலும் மட்டும் கறுப்பு. பங்களாவைப் பூட்டிவிட்டுப் போனதால் அது குளிர்காலம் முழுக்க விறகுக் கொட்டகையில்தான் கிடந்தது. நாலு மாசத்தில் உடம்பெல்லாம் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

"சத்தியமா அதேதாம்மா. பனியில கறுத்துப்போச்சு."

"பனியில பூனை கறுக்குமா? மூணாறுல யாருக்கு வித்த?"

பூனை வந்து சேரும்வரை சந்திரவல்லி மலையை விட்டுக் கீழே இறங்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. வாட்ச்மேன் கன்னையன் கேட்டைப் பூட்டினான். போடியில் அவள் தங்கச்சி ராமுத்தாய்க்குப் பங்குனியில் முதல் பிரசவம். தாயில்லாத பிள்ளை.

"அண்ணே, ஒரு நாள். வெரசா திரும்பிர்றேன்."

"என் சோலியும் போயிரும் ஆத்தா," என்றான் கன்னையன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேலைக்குப் போகிற பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்று சிரித்தார்கள். பூனையோ அவள் காலையே சுற்றியது. ஒருநாள் ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்தாள். பிறகு தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் விஷயத்தைக் கேட்டுப் பூனையைப் புரட்டிப் பார்த்தார்.

"சயாம் பூனைம்மா இது. கறுப்பு இதோட உடம்பு பூராவும் உள்ளயே இருக்கு. சூடான இடத்துல அடங்கிக் கெடக்கும், குளிர் பட்டா வெளிய வரும். நம்பலேன்னா பாத்துருவோம்."

முதுகின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மயிரைச் சிரைத்தார். வலப்பக்கம் கம்பளி வைத்துக் கட்டினார். இடப்பக்கத்தை அப்படியே விட்டார்.

"முளைக்க எத்தன நாளாகும் சார்?"

"ஒன்றரை மாசம்."

சந்திரவல்லி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதற்குள் பங்குனி முடிந்துவிடும். கம்பளியை அவிழ்க்கக் கூடாது. பூனை பிராண்டவும் விடக் கூடாது. பகலெல்லாம் அதை, சிரைத்த இடப்பக்கத்தில் அடுப்புச் சூடு படாமல், இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள். கேட்டுக் கம்பிக்கு அந்தப்பக்கம், வெகு கீழே, போடியின் ஓட்டுக்கூரைகள் வெயிலில் தெரிந்தன.

பங்குனிக் கடைசியில் ஜீப் டிரைவர் சோணை வண்டியை மெதுவாக்கி, "தங்கச்சிக்குப் பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காக," என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைத் தேடினாளா என்று அவள் கேட்பதற்குள் ஜீப் வளைவில் மறைந்துவிட்டது.

சித்திரையில் டாக்டர் வந்து கம்பளியை அவிழ்த்தார். இடப்பக்கம் கருகருவென்று முளைத்திருந்தது. கம்பளிக்கு அடியில் பழைய பாலாடை நிறம். முதலாளியம்மா குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"அதிசயமாத்தான் இருக்கு. சரி, இனிமே இத அடுப்படியிலேயே வச்சுக்க. உனக்குத்தான் பக்குவம் தெரியுது. இந்த வருசம் லீவுன்னு நிக்காத."

சந்திரவல்லி பூனையை அவள் கையில் கொடுத்தாள். "நான் போறேம்மா."

கன்னையன் தயங்கினான். டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றதால் கேட்டைத் திறந்துவிட்டான்.

பஸ்சில் பக்கத்து சீட்டில் தோட்டத்துக் குருவம்மாள். "என்ன, பூனை கெடச்சிருச்சா?"

"அது தொலையவே இல்லக்கா."

குருவம்மாள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போடியில் ராமுத்தாயும் முகம் கொடுக்கவில்லை. "பெத்துப் பொழைச்ச பெறகுதான் வர்ற. நீ பூனையை வித்துட்டன்னு ஊரே பேசுது."

சந்திரவல்லி குளிரையும் கம்பளியையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, கையைக் கழுவிவந்து பிள்ளையைத் தூக்கினாள்.