துண்டுக்குள் ஐந்து விரல்

சுந்தர்சிங் உயிரோடு இருந்தவரை, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எங்களைச் சிட்லபாக்கம் வீட்டுக்கு வரவழைத்து, வயிறு புடைக்கப் பிரியாணி போட்டு, விளக்கை அணைத்துக் கொலை செய்யச் சொல்வான். விளையாட்டுதான். ஒரு சீட்டில் போலீஸ், ஒன்றில் கொலைகாரன், மற்றதெல்லாம் வெற்றுத்தாள். போலீஸ் அடுப்பங்கரையில் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் இருட்டில் கூடத்தைச் சுற்றுவோம். கொலைகாரன் ஒருவர் கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினால் அவர் 'ஐயோ' என்று கத்திவிட்டுச் சாய வேண்டும். செத்தவர் பேசக் கூடாது. மோதிரத்தையும் வளையலையும் தடவிப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று, எல்லாரும் கையில் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்றொரு விதியை அவனே சேர்த்தான்.

அவன் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. இந்த வருடமும் அழைப்பு வந்தது. இம்முறை அவன் மனைவி ரோஸி.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை அவர் பர்த்டே. எப்பவும் போல வாங்க. கார்த்தியையும் கூட்டிட்டு வாங்க."

போகாமலிருக்க என்னிடம் நல்ல காரணம் இருந்தது. வெளியே சொல்லத்தான் முடியாது.

தாம்பரத்தில் எனக்குப் பழைய பைக் வியாபாரம். கார்த்தி என் மெக்கானிக். என் அப்பா பல்லாவரம் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் இன்னொரு தரகரின் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். மாடும் அதன் சொந்தக்காரனும் பக்கத்திலேயே நிற்பார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. அந்த வித்தையை நான் பைக்குக்கு மாற்றிக்கொண்டேன். கார்த்தி வண்டியைப் பார்ப்பான், வேஸ்ட் துணியில் கையைத் துடைப்பான், அந்தத் துணியோடே என் கையைப் பிடிப்பான். ஒரு விரலைப் பிடித்தால் நல்ல வண்டி. இரண்டு விரல் என்றால் வேலை இருக்கிறது. மொத்தக் கையையும் பிடித்து இரண்டு முறை ஆட்டினால் தண்ணி குடித்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது, கிட்டே போகாதே.

சுந்தர் பைக் வாங்க வந்த அன்று ரோஸியும் கூட வந்திருந்தாள். அவன் ஆசைப்பட்ட வண்டி காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. கார்த்தி பார்த்தான், துடைத்தான், மொத்தக் கையையும் பிடித்து இரண்டு முறை ஆட்டினான். நான் சுந்தர் பக்கம் திரும்பி, "ஒரே ஓனர்டா. ரிட்டையர்டு டாக்டர். வாரத்துல ஒரு நாள் கோயிலுக்குப் போறதுக்கு மட்டும்தான் எடுப்பார்" என்றேன். உண்மையில் அது முடிச்சூர் வெள்ளத்தில் இரண்டு நாள் ஊறியது. நண்பனாயிற்றே என்று ஒரு ஹெல்மெட்டைச் சும்மா கொடுத்தேன்.

நான்காவது மாதம், நாவலூர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது, மேடவாக்கத்தில் முன்சக்கரம் இறுகி நின்றது. பின்னால் பஸ். போலீஸில் அதிவேகம் என்று எழுதி முடித்தார்கள். அன்று ரோஸிக்குக் காய்ச்சல். 'சீக்கிரம் வாங்க' என்று போன் செய்திருந்தாள். சுந்தரின் அக்கா ஹெப்சி அதைப் பிடித்துக்கொண்டாள். "இவ அவசரப்படுத்தலைன்னா என் தம்பி இன்னைக்கு இருந்திருப்பான்" என்று கல்லறைத் தோட்டத்திலேயே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ரோஸி மறுக்கவில்லை. அவளும் அப்படித்தான் நம்பினாள். நானும் மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூடத்தில் நுழைந்ததும் அந்த ஹெல்மெட்தான் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, ஆணியில் தொங்கியது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஹெப்சியும் அவள் கணவர் ஜெபகுமாரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். ரோஸி பரிமாற வந்தபோது ஹெப்சி தட்டை மூடிக்கொண்டாள்.

"போதும். மெதுவாவே போடு. யாரையும் அவசரப்படுத்தாதே."

கார்த்தியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கை கழுவும் இடத்தில் என்னை மடக்கினான்.

"மச்சான், சொல்லிர்லாம்டா. அந்தக்கா இன்னா தப்பு பண்ணுச்சு? எனக்குத் தூக்கமே வர்ல."

"சொன்னா அவன் எழுந்து வந்துருவானா? கம்னு கெட."

"இன்னும் எத்தினி நாளு கம்னு கீறது?"

"விளையாட்டு முடியற வரைக்கும். அப்புறம் பேசிக்கலாம்." பேசிக்கலாம் என்று நான் சொன்னால் பேசமாட்டேன் என்று அர்த்தம். அது கார்த்திக்கும் தெரியும்.

சீட்டெழுதிச் சுருட்டியது ரோஸி. எவர்சில்வர் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். போலீஸ் ஹெப்சிக்கு விழுந்தது. "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்றபடி அடுப்பங்கரைக்குப் போனாள். எனக்கு வெற்றுத்தாள். ஜன்னல்களில் பெட்ஷீட்டைக் கட்டினோம்.

"போன தடவை நான்தான் செத்தேன். இந்தத் தடவையும் என்னையே கொன்னுடுங்கப்பா. சாப்பிட்டதும் படுக்க வேற சான்ஸ் கிடைக்காது" என்றார் ஜெபகுமார். விளக்கு அணைந்தது.

ஏரிப்பக்கத்துத் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு அடி நடந்திருப்பேன். துண்டு சுற்றிய கை ஒன்று என் கையைத் தேடி வந்தது. அழுத்தவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. இரண்டு முறை ஆட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம் பொருள் இல்லாமல் இவன் இங்கேயும் ஆரம்பித்துவிட்டான். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காதோரமாகச் சொன்னேன்.

"தண்ணி வண்டின்னு அன்னைக்கே சொன்னே. தெரிஞ்சேதான் வித்தேன். போதுமா? அவ போன் பண்ணதாலன்னு ஊரே நம்புது. நீ நடுவுல பூந்து கெடுக்காத."

அப்போது ஜன்னல் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். பீடியும் பெட்ரோலும் சேர்ந்து வளர்த்த இருமல். இருபது வருடமாக நான் கேட்டு வரும் இருமல். கார்த்தி அங்கே இருந்தான்.

என் கையைப் பிடித்திருந்த கை விடவில்லை. அழுத்தியது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. மூன்று.

'ஐயோ' என்றேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் சாய்ந்தேன்.

விளக்கைப் போட்டுக்கொண்டு ஹெப்சி வந்தாள். "யாரு, பிரசன்னாவா? சரி, எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க. கார்த்தி, நீ எங்க இருந்தே?"

"விசாரிக்க வேண்டாம் அண்ணி, நான்தான்" என்றாள் ரோஸி. கையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். "கார்த்தி, உங்களை ஒண்ணு கேக்கணும். நாங்க வண்டி வாங்கின அன்னைக்குத் துணிக்குள்ள இவர் கையை மொத்தமாப் பிடிச்சு ரெண்டு தடவை ஆட்டினீங்க. ஏதோ கை குடுக்கறீங்கன்னு நெனச்சேன். அப்புறம் வண்டிப் பேப்பருக்காக அவர்கூட நான் கடைக்கு வந்தப்போ, வேற யாரோ விக்க வந்த வண்டியைப் பாத்துட்டு அதே மாதிரி ஆட்டினீங்க. உடனே இவர் அந்த ஆளை வேண்டாம்னு அனுப்பிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்?"

கார்த்தி என்னைப் பார்த்திருப்பான். நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். செத்தவர் பேசக் கூடாது. அந்த விதிக்காக ஒரு நிமிடம் சுந்தருக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன்.

கார்த்தி ஒவ்வொரு விரலாகச் சொன்னான். ஒன்று, இரண்டு, ஐந்து. என் அப்பா முப்பது வருடம் துண்டுக்குள் மூடி வைத்திருந்தது சிட்லபாக்கத்து டியூப்லைட் வெளிச்சத்தில் வந்து விழுந்தது.

"அப்ப இவ போன் பண்ணது?" ஹெப்சியின் குரல் உள்ளே போயிருந்தது.

"போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. முன்சக்கர பேரிங் துரு ஏறிக்கினு இருந்துச்சு. மாட்டுவண்டி ஸ்பீடுல வந்தாலும் அது லாக்காயிருக்கும். மாத்தாம வெளிய வுட்டது தப்பு. எனக்குந்தான் பங்கு கீது."

நாற்காலி நகரும் சத்தம். ஹெப்சி உட்கார்ந்திருக்க வேண்டும். "ரோஸி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள்.

"எழுந்திரிங்க அண்ணா, ஆட்டம் முடிஞ்சுது" என்றாள் ரோஸி, என் தலைமாட்டிலிருந்து. "என்கிட்ட இருட்டுல சொன்னதை அண்ணி முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுந்து உட்கார்ந்தேன். படுத்திருந்தபோது நாலைந்து பதில் தயாராக இருந்தது. பேரிங்கை மாற்றுவதாகத்தான் இருந்தேன். அவன்தான் சர்வீசுக்கு வரவில்லை. விற்கிறவன் எவன் குறை சொல்லி விற்பான்? ஹெப்சியின் மடியில் போலீஸ் சீட்டு இன்னும் விரிந்து கிடந்தது.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஜெபகுமார் ஜன்னலிலிருந்த பெட்ஷீட்டை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே திரும்பவும் பிரித்து மடித்தார். கார்த்தி சுவரைப் பார்த்து நின்றான். ரோஸி ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. சும்மா குடுத்ததுதானே."