இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது

பதினேழு வருஷமாகப் படம் காட்டியே நிலவியல் நடத்தினேன். கல்லூரியைச் சுற்றிப் பாறையென்று ஒன்று கிடையாது, எல்லாம் சிமெண்ட். பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

இந்த வருஷம் ஒரு யோசனை வந்தது. அவரவர் வீட்டுச் சுவரில் ஒரு விரிசலைப் பிடித்து, வாராவாரம் அதன் அகலத்தை அளந்து எழுத வேண்டும். கீழே மண் அசைந்தால் சுவரில் தெரியும் என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நான்கு வாரம் கழித்துத் தாள்கள் வந்தன. எல்லோருடைய விரிசலும் இருந்தபடியே இருந்தது. தையல்காரர் மகள், நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற பெண், அவள் தாளில் மட்டும் இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது மில்லிமீட்டர்.

“யார் காதுல பூச்சுத்துற? ஒழுங்கா அளந்து எழுதிட்டு வா. இல்லேன்னா முட்டைதான்.”

“நெஜமா சார். அப்பா வீட்டையே காலி பண்ணணும்கிறாரு.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சுவத்தைப் பாத்து ஓடுறவரா உங்கப்பா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வாயாடி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மறுநாளே புதுத் தாள் தந்தாள். அதே தேதிகள், இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டரை. போன மாதத்து விரிசலை நேற்று எப்படி அளந்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பத்துக்குப் பத்து போட்டேன்.

அடுத்த வியாழன் காலை அவள் வீடு இருந்த கட்டடத்தின் பின்பாதி அப்படியே இறங்கிவிட்டது. அவளும் அவள் அம்மாவும் உள்ளே இருந்தார்கள். குளத்தைத் தூர்த்துக் கட்டியதாம். அந்த மாதிரி விஷயம் தெரிந்தவன் என்றுதான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தையல்காரர் என் அறைக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“வேற வீடு பாத்து வச்சிருந்தேன் சார். பாப்பாதான், ‘ஒண்ணும் ஆகாதுன்னு எங்க சாரே சொல்லிட்டாருப்பா’ன்னு சொன்னா. படிச்சவங்க சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்.”

மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினேன்.

“நீங்க வீட்டை வந்து பாத்தது என்னிக்கு சார்? நான் கடையில இருந்திருப்பேன் போல.”

“நான் வரலைங்க,” என்றேன்.

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.