காரணம்: சும்மா

முப்பது வருடத்தில் ஒரு நைட்டிகூடத் திரும்பி வந்ததில்லை என்பதுதான் என் அப்பா தேவஇரக்கத்தின் பெருமை. ராஜபாளையத்தில் எங்கள் கடை வாசலில் 'விற்ற துணி வாபஸ் கிடையாது' என்று ஒரு போர்டு தொங்குகிறது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதற்கு அவரே பெயின்ட் அடிப்பார்.

அதே நைட்டிகளை நான் வேறு பெயரில் ஆன்லைனில் விற்கத் தொடங்கினேன். ஏழு நாளுக்குள் எது திரும்பி வந்தாலும் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஆப்காரர்களின் விதி. "காரணம் கேக்காமயா? உங்கம்மாகூட என்னை அப்படி விட்டதில்லையேட்டி" என்றார் அப்பா.

மூன்றாவது வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நைட்டி திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில் பாண்டிசெல்வி என்பவர் 'சும்மா' என்று போட்டிருந்தார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நைட்டியை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தார்.

"சாயம் போச்சுன்னா ஒரு நியாயம். சும்மான்னா என்னட்டி அர்த்தம்? நேர்ல போயிக் கேக்கேன். துணியில குறை இல்லைன்னு அந்தப் பிள்ள சொல்லிட்டா, உன் ஆன்லைன இன்னைக்கே மூடிரணும்."

கேட்கக் கூடாது என்பதுதான் விதி என்றேன். அவர் காதில் ஏறினால்தானே! எரிச்சலோடு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கதவைத் திறந்த பாண்டிசெல்வி மிரண்டுபோனாள். "இதுக்கெல்லாம் வீடு தேடி வருவியளா அண்ணாச்சி? குறையெல்லாம் ஒண்ணுமில்ல. போட்டுப் பாத்தேன், சும்மா திருப்பி அனுப்பிட்டேன்."

அப்பா என்னை ஜெயித்துவிட்ட பார்வை பார்த்தார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். "பின்ன? முப்பது வருசக் கடையில்ல!" என்று கடைப் பெயரையும் சொல்லிவிட்டார்.

"அந்தக் கடையா? செத்த இருங்க" என்று உள்ளே ஓடியவள் நான்கு நைட்டிகளோடு வந்தாள். "அங்க மில்லுக்கு வந்துட்டிருந்தப்ப உங்ககிட்ட எடுத்தது. இது கை பிடிக்கி. இதுல தலையே நுழையல. இது ரெண்டுக்கும் ஜிப்பு நிக்கல. அந்தப் போர்டப் பாத்துட்டு வந்து சொல்ல முடியுமா? இப்பந்தான் காரணம் கேக்காம வாங்குதியளே, இந்தாங்க."

அப்பா காரணம் கேட்கவில்லை. நான்கையும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் பாண்டிசெல்வி ஐந்து ஸ்டார் போட்டு எழுதியிருந்தாள்: 'பிடிக்கலைன்னா ஓனரே வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போறாவ.' மறுநாள் காலையில் ஆறு பேர் ரிட்டர்ன் கேட்டிருந்தார்கள். ஆறிலும் காரணம் என்ற இடத்தில் ஒரே கேள்வி: 'அண்ணாச்சி எப்ப வருவாவ?'

போனைப் பயந்துபயந்து நீட்டினேன். அப்பா ஒவ்வொரு முகவரியாகப் படித்தார்.

"ஏட்டி, சுந்தரபாண்டியத்துக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"