மீசை நரைத்த திருஷ்டி பொம்மை

ஆதிநாராயணனின் கட்டி முடியாத வீட்டில் மாட்டியிருந்த திருஷ்டி பொம்மைக்கு நாலாம் வருஷம் மீசை நரைத்தது. நகரியிலிருந்து புத்தூர் போகும் ரோட்டில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் இல்லை. சட்டித் தலையில் கரியைக் குழைத்து வரைந்த மீசை அது. முதலில் இடது ஓரத்தில் இரண்டு கீற்று வெளுத்தது. கார்த்திகைக்குள் முழு மீசையும் தும்பைப் பூவாகிவிட்டது. அந்த வருஷம் பெங்களூரா மாங்காயைக் கேட்க ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தது, மேலத்தெரு போர்வெல்லில் தண்ணீர் கீழே போனது, பொம்மைக்கு மீசை நரைத்தது. ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிற்று. வெயிலிலும் மழையிலும் அத்தனை வருஷம் அந்தரத்தில் தொங்கினால் யாருக்குத்தான் நரைக்காது என்றார்கள்.

ஆதிநாராயணன் வீடு கட்டத் துணிந்தது, மகன் ஹேமநாத் சத்தியவேடு தாண்டி ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம். இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் கடைக்கால் தோண்டினார்கள். வீடு முடியும் வரைக்கும் காலை நீட்டிப் படுக்க, மனையை ஒட்டிய தோப்பு ஓரத்து மோட்டார் ரூமைக் கூட்டி மெழுகி, அடுப்பை வெளியே மாமரத்தடியில் போட்டுக்கொண்டு, அவரும் மனைவி ரத்தினம்மாவும் அங்கே குடிபோனார்கள். "ஆறு மாசந்தாம்மே. தைக்குப் பால் காச்சிடலாம்" என்றார் ஆதிநாராயணன். எந்த வருஷத்துத் தை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ரத்தினம்மாவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே குண்டானும் சட்டியும் மாற்றி மாற்றி வைத்தே காலம் தள்ளியவள். புது வீட்டு வாசக்காலை ஆதிநாராயணனோடு சேர்ந்து, வலது காலை எடுத்துவைத்துத் தாண்ட வேண்டும். ஜோடியாக நின்று பால் பொங்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த வீடும் ஒழுகினால் ஒழுகட்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். வாசக்கால் நட்ட அன்றைக்கே அதன் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டாள். பால் காய்ச்சுகிற நாள் வரை ஒரு ஈ காக்கை அந்த வழியாகப் போகக்கூடாது. சித்தாள், கொத்தனார், செங்கல், ஜல்லி எல்லாவற்றுக்கும் சமையல்கட்டுப் பின்வாசல்தான் வழி.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவன் மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே, பாவி! மேஸ்திரி செங்கல்வராயன் நல்ல வேலைக்காரர். அவர் பூசின சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். ஆனால் ஆள் கையில் அகப்பட வேண்டுமே. சுற்றுவட்டாரத்தில் ஒரே சமயத்தில் பல வீடுகளுக்குக் கடைக்கால் போட்டுவிட்டு, எந்த வீட்டில் திட்டு குறைவோ அந்த வீட்டுக்குப் போகிறவர் அவர். "நாளைக்கு" என்று தமிழில் சொன்னால் ஒரு வாரம். "ரேப்பு" என்று அதையே தெலுங்கில் சொன்னால் ஒரு மாசம். ஆடியில் திருத்தணிக்குக் காவடி எடுப்பார். மொட்டைத் தலையில் பூசின சந்தனம் உதிரும் வரைக்கும் கரண்டியைத் தொடமாட்டார். புரட்டாசியில் திருமலைக்கு நடை. மார்கழியில் நல்ல காரியம் கிடையாது. நடுவில் மணல் இல்லாமல் ஒரு வருஷம் போயிற்று. மணல் வந்தபோது சென்ட்ரிங் பலகை இல்லை. பலகை வந்தபோது ஊரடங்கு வந்து, வேலையாட்கள் அவரவர் ஊரைப் பார்க்க நடந்தே போனார்கள்.

"இன்னா மேஸ்திரி, எப்பதான் முடிப்பே? நான் கண்ண மூடினப்புறமா?" என்று ரத்தினம்மா ஃபோனில் கத்துவாள்.

"இன்னாம்மா நீ, இப்டிப் பேசற? வந்துகினே இருக்கேன். ரேப்பு அங்க நிப்பேன் பாரு" என்பார் செங்கல்வராயன்.

சுவர் ஜன்னல் உயரம் தாண்டியதும் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, இல்லையா? அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனுடைய பழைய சட்டை பேண்ட்டை மேஸ்திரிதான் கொண்டுவந்து, வைக்கோல் திணித்து, சட்டியைத் தலையாக வைத்துக் கட்டுவார். வீட்டுக்காரன் துணியை மட்டும் போடவே கூடாது. வீடு முடிந்து பால் காய்ச்சுகிற அன்று விடியலில் அதை இறக்கி, மனை எல்லையில் வைத்துக் கொளுத்திவிடுவார்கள். பொம்மை எரிந்தால்தான் வீடு முடிந்ததாக அர்த்தம். செங்கல்வராயன் அப்போது ஏர்பேடு பக்கம் வேறொரு வீட்டில் இருந்தார். பொம்மைக்குக் கேட்டதற்கு ரேப்பு என்றார். ரத்தினம்மாவுக்கு வந்ததே ஆத்திரம்! கொடியில் காய்ந்துகொண்டிருந்த புருஷனுடைய நீலச் சட்டையை, பாக்கெட் கிழிந்ததை, உருவினாள். பழைய பேண்ட் ஒன்றையும் எடுத்து, வைக்கோல் திணித்துத் தைத்து, சட்டியில் கண்ணும் மூக்கும் எழுதி மீசையும் வைத்தாள். அவளுக்கு வரையத் தெரிந்தது ஒரே ஒரு மீசைதான்.

தோப்பிலிருந்து வந்த ஆதிநாராயணன், சுவர் மேல் கம்பத்தில் தொங்கிய பொம்மையை அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மே, என்னியே மாட்டிட்டியா?"

"மேல நின்னு மேஸ்திரி வரானான்னு பாரு" என்றாள் ரத்தினம்மா. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பொம்மையைப் பார்த்ததும் செங்கல்வராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்மா, தப்பு பண்ணிட்டியே. வூட்டுக்காரர் துணியாச்சே அது" என்றார். ஆனால் கட்டின பொம்மையைப் பாதியில் இறக்குவது அதைவிடத் தப்பு. அதனால் அது அங்கேயே தொங்கியது.

பிற்பாடு ரத்தினம்மா நினைத்து நினைத்து ஏங்கியது அந்த வருஷங்களைத்தான். அப்படி ஏங்குவாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பாள். கட்டின சுவர் காயாமல் இருக்கத் தினமும் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை ஆதிநாராயணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்தும் விடியாமல் மோட்டாரைப் போட்டு, ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு, கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவது போல ஒவ்வொரு சுவராகத் தடவித் தடவி நனைப்பார். சாயங்காலம் இருவரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு, கூரையில்லாத ஹாலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். தலைக்கு மேலே கிளிகள் தோப்புக்குத் திரும்பும். ஃபிரிட்ஜ் எங்கே, சாமி படம் எங்கே, நாற்காலி எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டு, மறுநாள் சண்டை போட்டு அழித்து, வேறு இடத்தில் போடுவார்கள். சில நாள் அவர் பின்வாசலில் நின்று விருந்தாளி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வூட்ல யாரும்மே?" என்று குரல் கொடுப்பார். "வாங்க, உக்காருங்க. எங்க வூட்டுக்காரரு தண்ணி கட்டிகினு இருக்காரு, இப்ப வந்துருவாரு" என்பாள் அவள். மோட்டார் ரூமில் ஒரு கயிற்றுக் கட்டில்தான் போட முடியும். ஓட்டு வீட்டில் இருந்தபோது ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள், பல வருஷத்துக்கப்புறம் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போனார்கள். சந்தோஷம் என்று அதற்குப் பேர் வைக்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மேல்தளத்துக்கு நாள் குறித்த வாரத்தில் ஆதிநாராயணன் தோப்பில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வண்டி ரேணிகுண்டா தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. கட்டி முடியாத வீட்டில் பிணத்தை வைக்கக்கூடாது என்று மோட்டார் ரூம் வாசலில் கிடத்தினார்கள். ஹேமநாத் கொள்ளி வைத்துவிட்டு வந்தான். அதற்கு மறுநாள் காலையில் பார்த்தால் வீட்டுச் சுவர்கள் நாலும் நனைந்திருந்தன. மோட்டாரை யாரும் போடவில்லை. ஹோஸ் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. பொம்மையின் சட்டைக் கை இரண்டும் முழங்கை வரை மடிந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. ஆதிநாராயணனும் அப்படித்தான் முழங்கை வரை மடித்துவிடுவார். ரத்தினம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "தெக்கு செவுத்துல மேல படல" என்றாள். அடுத்த நாள் தெற்குச் சுவரில் மேல் வரிசையும் நனைந்திருந்தது.

அதற்கப்புறம் அது ஒரு செய்தியாகவே இல்லை. துக்கம் நடந்த வீடு என்று ஒரு வருஷம் வேலையை நிறுத்தினார்கள்; சுவர் மட்டும் ஒரு நாளும் காயவில்லை. மீசை நரைத்தபோது ரத்தினம்மா, "அவுங்க வம்சத்துல இந்த வயசுக்கு நரைக்கும்" என்றாள். கார்த்திகை மழையில் ஏரி உடைத்துக்கொண்ட வருஷம், காற்றில் பொம்மையின் வலது கை தோளோடு கழன்று தொங்கியது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கை முறிந்ததற்கு வேறெங்கே போவார்கள்? கட்டியதை இறக்கக்கூடாது என்பதால், கட்டுப் போடுகிறவர் ஒருவரையே பைக்கில் அழைத்துவந்தார்கள். அவர் ஏணியில் ஏறி, தோளை அமுக்கிப் பார்த்து, "எப்ப உழுந்தாரு?" என்று மட்டும் கேட்டார். மூங்கில் பத்தை வைத்து, பச்சிலை அரைத்துப் போட்டு, முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்துக் கட்டினார். வலது கையால் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் முழுக்கச் சுவர்கள் இடது பக்கமாகவே நனைந்தன.

கடைசியில் போன தைக்கு வீடு முடிந்தது. டைல்ஸ் பதித்து, பெயிண்ட் அடித்து, கரண்ட் கனெக்‌ஷனும் வந்துவிட்டது. செங்கல்வராயனே நம்பாமல் இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். நாள் குறித்ததும் உறவுக்காரர்கள் மோட்டார் ரூம் வாசலில் கூடிப் பேசினார்கள். ஹேமநாத்தும் மருமகள் ரூபாவும் ஜோடியாக முதலில் போகட்டும்; ரத்தினம்மா பால் பொங்கினப்புறம் பின்னாடி வரட்டும்; அதுதான் முறை. பொம்மையை விடியலில் கொளுத்திவிட வேண்டும், அதுவும் முறை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "ஆவட்டும்" என்றாள் ரத்தினம்மா. உள்ளே போய் மோட்டார் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். இத்தனை வருஷம் காத்தது இதற்கா? புருஷனை இரண்டாம் தடவை கொளுத்துவதற்கா? ரூபா வந்து பக்கத்தில் நின்று, "அத்த" என்றாள்.

பால் காய்ச்சுகிற நாள் கிழக்கு வெளுக்கும்போது ஹேமநாத் ஏணி வைத்து ஏறிக் கட்டை அவிழ்த்தான். பொம்மை அவன் தோளில் சாய்ந்ததும் ஏணி கிறீச்சிட்டது. அந்தப் பாரத்தை அவன் தோள் ஏற்கெனவே ஒரு முறை தூக்கியிருக்கிறது. இறங்கியதும் அவன், "அப்டியே நைனா வெயிட்டும்மா" என்று அம்மா காதில் மட்டும் சொன்னான். மனையின் எல்லைக்கல் அருகில் கிடத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கற்பூரம் வைத்தார்கள். கற்பூரம் எரிந்து அணைந்தது. திரும்ப வைத்தார்கள், திரும்ப அணைந்தது. சட்டைக் கையிலிருந்தும் பேண்ட் காலிலிருந்தும் தண்ணீர் வழிந்து மண்ணெண்ணெயை அடித்துக்கொண்டு போயிற்று. தீப்பெட்டி தீர்ந்தது. கூட்டம் செங்கல்வராயனைப் பார்த்தது. அவர் குந்தி உட்கார்ந்து, புதுப் பூச்சைச் சோதிப்பது போலப் பொம்மையின் மாரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"ஈரம் இருக்குது. காயாத எரியாது."

"எப்ப காயும்?" என்றான் ஹேமநாத்.

"ரேப்பு" என்றார் செங்கல்வராயன்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. தையில் மழை எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. நனைந்தால் இன்னும் காயாதே என்றுதான் எல்லோருக்கும் பதைத்தது. மோட்டார் ரூமில் பந்தல்காரர் பாத்திரங்கள் அடைத்திருந்தன. வீட்டுக்குள் முதலில் விடப் பசுவை ஓட்டி வர வேண்டிய மாட்டுக்காரர் கங்கையா இன்னும் வந்து சேரவில்லை. புரோகிதர் வாட்சைப் பார்த்து, "தொந்தரகா, தொந்தரகா, சீக்கிரம், முகூர்த்தம் போகுது" என்று கத்தினார். ஹேமநாத் ஒரு பக்கம், ரத்தினம்மா ஒரு பக்கம் பொம்மையைத் தோளில் தாங்கிக்கொண்டு அருகிலிருந்த கூரைக்கு ஓடினார்கள். அருகிலிருந்தது புது வீடுதான். வாசக்காலில் கயிற்றை ரூபாவே பல்லால் கடித்து அறுத்தாள். வாசல் இரண்டு பேருக்குத்தான் அகலம். ஹேமநாத் கையை எடுத்துவிட்டு விலகி நின்றான். பொம்மையின் வலது கால் ஆடி முதலில் உள்ளே விழுந்தது. ரத்தினம்மாவும் வலது காலையே எடுத்து வைத்தாள். முறை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில், சாக்பீஸில் என்றோ நாற்காலிக்குக் கோடு போட்டிருந்த மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் பொம்மையைக் காயட்டும் என்று உட்காரவைத்தாள். அதன் பக்கத்தில் நின்றபடியே பால் பொங்குவதைப் பார்த்தாள். "பாத்தியா, பொங்கிடுச்சி" என்று சொல்லி வாய்விட்டு அழுதாள்.

பொம்மை இன்னும் காயவில்லை. வீட்டு வாசலும் அதன் ஓரத்து முருங்கை மரமும் தினம் காலையில் நனைந்திருக்கின்றன. சட்டைக் கை மடிந்திருக்கிறது. பொம்மை எரியாததால் முறைப்படி அந்த வீடு இன்னும் முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தட்டை நீட்டுகிறார்கள். செங்கல்வராயன் மாசம் ஒரு முறை வந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் ஈரம் வுடலம்மா, லேட்டாவும்" என்கிறார். எப்ப முடிப்பே எப்ப முடிப்பே என்று அத்தனை வருஷம் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட ரத்தினம்மா, அவருக்கு டம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"ஒண்ணும் அவசரமில்ல மேஸ்திரி. நிதானமா ஆவட்டும்" என்கிறாள்.

செங்கல்வராயன் காபியைக் குடித்துவிட்டு, ரேப்பு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.