நத்தையை வரைந்த கை

காலையில் அரங்கத்துக்குள் நுழையும் முன் எல்லாரும் மாமே, அதாவது அம்மா, என்று அழைக்கும் செவா தன் மகளிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"இடது கைய வெளிய காட்டாத, ஃப்ரெமா. பன்டாமா மொத்தமும் டிவி முன்னாடி உக்காந்திருக்கு."

ஃப்ரெமாவுக்கு முப்பத்தொரு வயது. தலையாட்டினாள்.

குமாசி நகரின் பன்டாமாவில் இருக்கும் செவாவின் ரொட்டிக்கடைக்கு அவள் தாயின் பெயர். அறுபது வருடமாக அந்தப் பெயரை யாரும் இளக்காரமாக உச்சரித்ததில்லை. இன்று கடையைப் பாதி சாத்திவிட்டு, குடும்பத்தின் தலைவரான அவள் அண்ணன் பொன்சு வாசலில் நாற்காலிகள் போட்டு, பெரிய டிவியை வைத்து ஊரையே கூட்டியிருந்தார். தலைநகர் அக்ராவிலிருந்து கேக் போட்டியின் நேரடி ஒளிபரப்பு. குழந்தைகள் புத்தகத்தில் வரும் ஒரு பாத்திரத்தை நான்கு மணி நேரத்தில் கேக்காகச் செய்ய வேண்டும். இறுதிச் சுற்றில் மிஞ்சியது இரண்டு ஜோடி; அதில் ஒன்று இந்தத் தாயும் மகளும்.

ஃப்ரெமா நத்தையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சின்ன வயதில் முனை கிழியும்வரை அவள் படித்த புத்தகம் அது. ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்தைக் கொண்டுபோகப் புறப்பட்ட நத்தை, போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழந்தைக்கே குழந்தை பிறந்துவிடும்.

இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது. நத்தையின் உடல் எழுந்து நின்றது. கழுத்தில் கடிதப்பை தொங்கியது. இனி ஓட்டின் மேல் மெல்லிய ஐசிங் கோடு சுருள் சுருளாகப் போக வேண்டும். அதுதான் இந்தக் கேக்கின் உயிர். ஃப்ரெமா வலது கையில் ஐசிங் கோனைப் பிடித்தாள். முதல் சுருளிலேயே கோடு நெளிந்தது. சுரண்டினாள். மறுபடி போட்டாள். மறுபடி நெளிந்தது.

பக்கத்து மேசையில் டகோராடியிலிருந்து வந்த ஜோடி முதலைக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தது.

"மாமே, எங்க முதலைக்குப் பசிக்குது. உங்க நத்தைய சீக்கிரம் அனுப்புங்க" என்றான் அந்த ஆள்.

"பல்லு ஒழுங்கா முளைக்கட்டும் முதல்ல. முன்னாடி ரெண்டு ஆடுது பாரு" என்றாள் செவா, திரும்பாமலே.

நிகழ்ச்சி நடத்துகிறவன் மைக்கோடு வந்து குனிந்தான். "என்ன மாமே, உங்க நத்தை வழி மறந்து சுத்துதா?"

"கேக்கைப் பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா? தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற."

சிரித்துக்கொண்டே அவன் போனான். செவா சிரிக்கவில்லை. மகளின் நெற்றி வேர்த்திருந்தது. மூன்றாவது முறையும் சுரண்டியாகிவிட்டது. இன்னொரு முறை சுரண்டினால் கீழே இருக்கும் பூச்சு பெயர்ந்துவிடும்.

துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தபோதுதான் செவா அதைப் பார்த்தாள். ஃப்ரெமாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் போய், ஏப்ரன் நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஃப்ரெமாவுக்கு நான்கு வயது நடந்தபோது அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டியவள் செவாதான். தன் நீலத்துணியில் கிழித்த பட்டை. சாப்பாட்டு நேரத்தில் கட்டுவாள், சாப்பிட்டதும் அவிழ்ப்பாள். ஒரு வருடம். பிள்ளை அழவில்லை. கட்ட வரும்போதே கையைத் தானாகப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எப்போதாவது மறந்து இடது கையால் எதையாவது நீட்டிவிட்டால், "இடக்கைக்கு மன்னிக்கணும்" என்று பெரியவர்களைப் போலச் சொல்லும். வீட்டுக்கு வந்தவர்கள் மெச்சுவார்கள். செவாவுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

இன்று கட்டு எதுவும் இல்லை.

செவா மகளின் வலது கையிலிருந்து கோனை வாங்கினாள். பின்னால் இருந்த கையை நாடாவிலிருந்து மெல்லப் பிரித்து முன்னால் கொண்டுவந்து, கோனை அதில் வைத்தாள்.

"இதால போடு."

"அம்மா, கேமரா இருக்கு."

"கேமராவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போடு."

ஃப்ரெமா ஒரு கணம் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். கோடு ஓட்டின் விளிம்பில் தொடங்கி, எங்கும் நடுங்காமல், சுற்றிச் சுற்றி உள்ளே போயிற்று. கேமரா அந்தக் கைக்கு வெகு அருகில் வந்தது. செவா நிமிர்ந்து அதன் கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள்.

விளம்பர இடைவேளையில் தொலைபேசி அடித்தது. பொன்சு அண்ணன்.

"செவா, என்ன இது? ஊரே பாக்குது. நம்ம வீட்டுப் பொண்ணு இடது கையால..."

"அண்ணா, போன வருஷம் உங்க மக கல்யாணக் கேக்குல பூ எப்படி இருந்துச்சு?"

"அதுக்கு என்ன? அசல் பூவே தோத்துச்சு. எல்லாரும் சொன்னாங்க."

"பின்கட்டுல உக்காந்து இந்தக் கைதான் போட்டுச்சு. எனக்குத் தெரியும். நான்தான் கதவைச் சாத்தி வெச்சேன்."

மறுமுனையில் அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"சரி. நடுவருக்குக் குடுக்கறதாவது வலது கையால குடுக்கட்டும்."

"அத எனக்குச் சொல்லித் தரணுமா?"

நேரம் முடிந்தது. நடுவர்களுக்காக ஃப்ரெமா நத்தையின் வாலை வெட்டினாள், இடது கையால்தான். தட்டுகளைச் செவா எடுத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, மூன்று நடுவருக்கும் ஒவ்வொன்றாக, வலது கையால் கொடுத்தாள்.

முதலை ஜெயித்தது. நத்தைக்கு இரண்டாம் இடம். டகோராடிக்காரன் வந்து செவாவின் முன் தலைகுனிந்து, "மாமே, அந்தச் சுருளை நான் கனவுலகூடப் போட மாட்டேன்" என்றான்.

"உன் பல்லும் மோசமில்ல" என்றாள் அவள்.

விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் மேசைக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஃப்ரெமா ஓட்டிலிருந்து சுருளோடு ஒரு துண்டை உடைத்து, களைப்பில் யோசிக்காமல் தாயிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று கவனித்தாள்.

"இடக்கைக்கு..."

அவள் முடிப்பதற்குள் செவா துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"சர்க்கரை ஒரு கரண்டி கூடிப்போச்சு" என்றாள். "இன்னொரு துண்டு குடு."