பெட்டியை மூடினால்

செவ்வாய்க்கிழமை காலை வேன் ஒலக்கூர் பக்கம் பெரிய சாலையோடு போய்விட்டது. ஊருக்குள் திரும்பவில்லை. சவுரியம்மாள் ரேஷன் கடை முன்னால் பையோடு எட்டு மணி வரை நின்றார்.

வாரம் இரண்டு நாள் விழுப்புரத்தில் அவருக்கு டயாலிசிஸ். இந்த முறை அது தவறியது. அன்று இரவே மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனார். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த முறை வெள்ளிக்கிழமை.

நோயாளிகளை ஏற்றிப்போகும் அந்த வேனின் செயலியை எழுதியவள் அருணா. திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் அவளுடைய அறை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு எல்லா நோயாளிகளின் போனிலும் ஒரு பெட்டி வரும். ‘நாளை வருகிறீர்களா?’ ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஆமாம் என்றவர்களின் பட்டியல் டிரைவர் குமரேசனுக்குப் போகும்.

பதிவைத் திறந்து பார்த்தாள். சவுரியம்மாள், திங்கள், 6.04, இல்லை.

“அந்தம்மாவே இல்லைன்னு அமுத்திட்டு நம்மள குத்தம் சொன்னா எப்படிம்மா?” என்றார் ஜெகதீசன். வேன் அவருடையது.

“நேர்ல பாத்துட்டு வர்றேன் சார்.”

வியாழக்கிழமை மதியம் பஸ்ஸில் போனாள். சவுரியம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை.

“நீதான் போனுக்குள்ள இருந்து கேக்குற பொண்ணா?”

“ஆமாம்மா.”

“ஒல்லியா கீற. அதான் உள்ள பூந்துக்கினு இருக்க.”

அருணா தன் லேப்டாப்பிலிருந்து பெட்டியை அனுப்பினாள். சவுரியம்மாள் போனைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு இரண்டு பொத்தானையும் தொடாமல், திரையின் அடியில் இருந்த பின்செல்லும் குறியை அழுத்தினார். பெட்டி மறைந்தது. ஈ ஓட்டுவது போல ஒரே தட்டு.

“ஏம்மா மூடிட்டீங்க?”

“ஞாயித்துக்கெழம வந்தப்ப அலெக்ஸ் சொல்லிக்கீறான். என் பையன். எந்தப் பொட்டி வந்தாலும் ஆமான்னும் அமுத்தாத, இல்லைன்னும் அமுத்தாத, பின்னால தள்ளிடுன்னான். பக்கத்து வூட்டு சின்னக்கண்ணு எதையோ அமுத்திட்டு பேங்குல இருந்ததெல்லாம் போச்சு.”

“இது வேன்காரங்க கேக்குறதும்மா.”

“படிச்சேனே. ஆனா திருடனும் அப்படித்தான எழுதுவான்?”

அருணா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மூட முடியாத பெட்டி ஒன்றையும் தயார்செய்து கொண்டு வந்திருந்தாள். அதை அனுப்பினாள். சவுரியம்மாள் பின்குறியை மூன்று முறை அழுத்தினார். போகவில்லை. பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்துப் போனையே அணைத்தார்.

“இப்பப் போச்சு பாரு.”

“மறுபடி ஆன் பண்ணுங்கம்மா.”

“வேணாம். பிடிவாதம் புடிக்கிற பொட்டி நல்ல பொட்டி இல்ல.”

“அப்புறம் நீங்க வருவீங்களான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

சவுரியம்மாள் வீங்கிய கணுக்காலைக் காட்டினார்.

“வராம எங்க போவேன்?”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அருணா லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். நிரலில் அந்த இடம் அவளுக்குத் தெரியும். ‘இல்லை’யை அழுத்தினாலும் பெட்டி மூடும். வெளியே தொட்டாலும் மூடும். பின்குறியைத் தட்டினாலும் மூடும். மூடினால் ‘இல்லை’ என்று எழுதிக்கொள்ளும்படி ஒரே இடத்தில் முடித்திருந்தாள். பிரித்து எழுத இன்னும் பத்து வரி ஆகியிருக்கும். அன்று வேறு இரண்டு வேலைகள் காத்திருந்தன. யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பத்து வரியை எழுதினாள். ‘இல்லை’ பொத்தானை அழுத்தியவர் மட்டுமே பட்டியலிலிருந்து போவார். மற்ற எல்லோரும் வருவார்கள்.

ஜெகதீசனைக் கூப்பிட்டாள்.

“பதில் சொல்லாத ஊருக்கெல்லாம் பூந்து பூந்து போனா ஏழு மணிக்கு விழுப்புரம் சேர முடியாதும்மா.”

“அரை மணி நேரம் முன்னால எடுக்கணும் சார்.”

“நீ ரூம்ல உக்காந்துக்கினு சொல்லிடுவ. குமரேசன்கிட்ட நீயே கேளு.”

கேட்டாள்.

“அஞ்சு மணியே பேஜாருக்கா. நாலரையா?” என்றான் குமரேசன். “அந்தம்மா எட்டு மணி வரைக்கும் நின்னாங்களாமே.”

“ஆமா.”

“என் லிஸ்ட்டுல பேரு இல்லக்கா. நான் இன்னா பண்ணுவேன்?”

“உன் தப்பு இல்ல. என் தப்பு.”

“சரி வுடு. எடுக்குறேன்.”

ஆறு மணிக்குப் பெட்டிகள் போயின. அருணா டீ வாங்கி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேர். நாலு பேர் ஆமாம். ஒருவர் இல்லை. ஐந்து பேர் மூடிவிட்டார்கள். அந்த ஐந்து பேரும் இத்தனை நாள் எப்படி வேனில் ஏறினார்கள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தாள். மூவர் பெரும்பாலும் ஏறியிருக்கவில்லை. பஸ்ஸில் போயிருப்பார்கள். யாரும் புகார் சொல்லவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது.

சவுரியம்மாளுக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தே காலுக்குக் குமரேசன் கூப்பிட்டான்.

“ஏறிட்டாங்கக்கா. ரேஷன் கடைகிட்டயே நின்னாங்க. போனு இன்னும் ஆஃப்லதான் கீதாம். அவங்க பையன் வந்துதான் போடணுமாம்.”

அருணா பட்டியலைத் திறந்தாள். பத்துப் பெயர்கள். சவுரியம்மாளின் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படுத்தாள்.