ஒட்டகச்சிவிங்கி 10.40

எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல நான் இரண்டு முறை முயன்றேன். முதல் முறை மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை மிக்சி ஓடவில்லை, அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

விஷயம் சின்னதுதான். ஊருக்கு வெளியே உள்ள விலங்குப் பூங்காவின் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். பெயர்தான் ரத்தம். நான் ஜூனியர் என்பதால் என்னிடம் வருபவை வேறு டப்பாக்கள். பூங்காவிலும் ஏறக்குறைய அதே வேலைதான். யானை, வரிக்குதிரையின் குடலில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவை வைத்துப் பார்த்தால் பெரிய பதவி உயர்வு.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு திட்டம் போட்டேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அங்கே கூட்டிப்போவது. மரமும் காற்றும் பார்த்து மனம் இளகிய நேரத்தில், ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் வைத்துச் சொல்லிவிடுவது. ஒட்டகச்சிவிங்கி குறுக்கே பேசாது.

குடும்ப வாட்ஸப் குழுவில், "ஞாயிறு பூங்காவுக்குப் போலாமா?" என்று எழுதினேன். எல்லோரும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். முப்பத்தொரு வருடமாக வண்டிகளை அனுப்புவதுதான் வேலை. வீட்டிலும் எதற்கெடுத்தாலும் டிரிப் ஷீட் போடுவார். அண்ணன் மகள் பிறந்தபோது டாக்டர் சொன்ன நேரத்தைவிட நான்கு நிமிடம் தாமதம் என்று குறித்துவைத்தவர். அந்தத் தாமதத்தின் பெயர் வீட்டில் வாலு. இப்போது ஐந்து வயது.

சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் கூட்டம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"7.30 புறப்பாடு. 8.10 டீ, எட்டு நிமிஷம். 9.00 கேட். 9.15 மான். 10.40 ஒட்டகச்சிவிங்கி, பன்னிரண்டு நிமிஷம். 11.15 புலி."

"புலி தூங்கிட்டிருந்தா?" என்றான் அண்ணன்.

"வராத வண்டிக்காக ஸ்டாண்டுல நிக்கக் கூடாது. கேன்சல்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடணும்."

அத்தை அப்பாவின் அக்கா. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"தம்பி, பாம்பு இருக்கற பக்கம் நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பாம்பு 12.05. அந்த நேரத்துல நீங்க பாத்ரூம் போறீங்கக்கா. பதினாலு நிமிஷம்."

"எனக்கு அப்ப வரலேன்னா?"

"வரும். 11.30க்கு தண்ணி குடிக்கிறீங்க."

வாலு மேஜைமேல் ஏறினாள். "தாத்தா, காண்டாமிருகம் எப்போ?"

"டைம் இல்லடா செல்லம். திரும்பி வர்றப்ப வழியில பாத்துக்கலாம்."

"வழியில காண்டாமிருகம் நிக்குமா?"

அண்ணி சிரித்தபடியே யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் நர்ஸ். எங்கள் குடும்பம் எங்காவது கிளம்பும் நாளில் அவருக்கு மட்டும் எப்படியோ டூட்டி அமைந்துவிடும்.

"சாப்பாடு எத்தனை பேருக்குங்க?" என்றார் அம்மா.

"அஞ்சு."

அண்ணன் விரல்விட்டு எண்ணினான். "அப்பா, என் கார்ல அஞ்சு பேர்தான் உக்கார முடியும்."

"அஞ்சுதானே? உங்கம்மா, அக்கா, நீ, வாலு, இவ. சரியா இருக்கே."

"அப்போ நீங்க?"

அப்பா ஷீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எங்கேயும் அவர் இல்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். அனுப்புகிறவர் பயணிகள் கணக்கில் வருவதில்லை.

"விசில் ஊதி எங்களை அனுப்பிட்டு வீட்லயே இருக்கப் போறீங்களாக்கும்" என்றார் அம்மா.

"வாலுவை மடியில வெச்சுக்கலாம்" என்றான் அண்ணன்.

"அது ஓவர்லோடு." அப்பாவின் குரலில் டிப்போ வந்துவிட்டது.

"அப்ப நீங்க பஸ்ல வாங்க."

"அந்த ரூட் பஸ்ஸை நம்பி எவனாவது ஏறுவானா? காலைல 5.50ன்னு போர்டுல இருக்கும். டிரைவருக்கு மனசு வந்தா ஆறேகாலுக்கு எடுப்பான்."

அந்த பஸ்ஸை தினமும் அனுப்பிவைப்பவர் அப்பாதான்.

பிறகு, ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நம்ம ஊமைக்கோட்டான் இருந்துக்கும்" என்றார் அத்தை. "அதுக்குத்தான் கூட்டம்னாலே ஆகாதே."

"பாவம், அவதானே முதல்ல கேட்டா?" என்றார் அம்மா.

"இவளா கேட்டா?" அப்பாவுக்கு உண்மையான ஆச்சரியம்.

"உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையேம்மா?" என்றார் அம்மா. "சாப்பாடெல்லாம் எடுத்து வெச்சிட்டுத்தான் போவேன்."

இப்படிக் கேட்டால் 'சரிம்மா' என்பது என் வழக்கம். வாய் அதற்குத் தயாராகவும் ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

"பரவாயில்லம்மா. ஒண்ணாந்தேதியிலேருந்து நான் தினமும் அங்கதானே இருக்கப்போறேன்."

"எந்தக் கூண்டுல?" என்றான் அண்ணன்.

சொன்னேன். மூன்று வாரம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பேச்சு, நாற்பது வினாடியில் தீர்ந்துவிட்டது. மிக்சி ஓடவில்லை. அத்தைகூடப் பேசவில்லை. ஆனால் அது நீடிக்கவில்லை.

"பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, போயும் போயும் சாணியைக் கிளறவா?"

"இப்ப மட்டும் நான் எதைக் கிளறிட்டிருக்கேன்னு நெனச்சீங்க அத்தை?"

எதிர்த்துப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணியின் இஸ்திரிப் பெட்டி நின்றது.

வாலு மட்டும் விஷயத்துக்கு வந்தாள். "யானை எவ்ளோ ஆய் போகும்?"

"ஒரு நாளைக்கு உங்கப்பா வெயிட்டு இருக்கும்."

அண்ணன் சிரிக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். மற்றவர்கள் ஆயிரம் சொல்லலாம். அப்பா 'கேன்சல்' என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"டூட்டி எத்தனை மணிக்கு?"

"எட்டு."

ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். எழுதிக்கொண்டே வாசித்தார்.

"5.50 பஸ். 7.35 பூங்கா ஸ்டாப். அங்கேருந்து நடை, பதினோரு நிமிஷம். 7.46. பதினாலு நிமிஷம் கையில இருக்கு."

"அந்த பஸ் நேரத்துக்கு வராதுன்னு இப்பதானே சொன்னீங்க?" என்றார் அம்மா.

அப்பா நிமிரவில்லை. "வரும்."

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் கேன்சல் ஆனது. "இவதான் அங்கேயே இருக்கப் போறாளே, எப்ப வேணா போய்க்கலாம்" என்றார் அத்தை. அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எட்டு மாதம் ஆகிறது. ஒருவரும் வரவில்லை. காண்டாமிருகமும் வழியில் நிற்கவில்லை.

நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், டிப்போவில், காலை 5.49க்கு டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அப்பா விசில் ஊதினார். என்னைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தார்.

டிரைவர் கியர் போட்டபடி கண்டக்டரிடம் சொன்னார்: "என்னப்பா இது, இன்னிக்கு வண்டியில யாரோ பெரிய ஆள் ஏறியிருக்காங்க போல."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.